நிறம் பிரிப்போர் இயல்

டென்மார்க்கின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் 1932ஆம் ஆண்டு ஓலே கிர்க் கிறிஸ்தியான்சென் என்ற தச்சர் தொடங்கிய லெகோ நிறுவனம் குழந்தைகளுக்காகவே பொம்மை செய்தது; ஆயினும் அப்பொம்மைகளை இன்று மிகுந்த கவலையோடு உற்றுநோக்குவோர் குழந்தைகள் அல்லர், நாற்பது வயதைத் தாண்டியவர்களும் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறவர்களுமான பெரியவர்களே. இவர்களுள் கட்டுவோர், வாங்கிப் பெட்டி பிரிக்காமல் பூட்டி வைப்போர், விலை ஏறும்வரை காத்திருந்து விற்போர் எனப் பல பிரிவினர் உண்டு. இவ்வியல் எடுத்துக்கொள்வது அவர்களுள் எவரையும் அன்று. ஒன்றோடொன்று பொருத்தும் லெகோ கட்டை ஒன்றைக் கையில் எடுத்தவுடன் இதைக்கொண்டு எதைக் கட்டலாம் என்று எண்ணாமல், இது எந்தச் சாம்பல் என்று கேட்கிற ஒரு தனி வகையாரையே. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பரவலாகக் காணப்படும் இவர்களை, வசதி கருதி, நிறம் பிரிப்போர் என்று அழைக்கலாம்.

நிறம் பிரிப்பவரின் வாழ்க்கை மூன்று பருவங்களை உடையது. முதற்பருவத்தில் அவர் எல்லாக் குழந்தைகளையும் போலவே மஞ்சள் கட்டையின்மேல் சிவப்புக் கட்டையைப் பொருத்தி, கண்டதைக் கட்டி, கட்டியதை இடித்து மகிழ்ந்திருப்பார். அடுத்தது, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டுப் படிப்பு, காதல், வேலை முதலிய சில்லறை விவகாரங்களில் நாளை வீணாக்கும் பருவம். சேகரிப்பாளர்கள் இதனை ‘இருண்ட காலம்’ என்றே வழங்குகின்றனர், ஐரோப்பிய வரலாற்று நூல்களிலிருந்து அத்தொடரை எடுத்துக்கொண்டதற்காக அவர்கள் சிறிதும் கூசுவதில்லை. மூன்றாம் பருவம், தம் பிள்ளைக்கென்று சொல்லிக்கொண்டு ஒரு பெட்டி வாங்கும் நாளில் தொடங்குகிறது. பரணிலிருந்து இறக்கிய பழைய கோட்டைச் சுவரில் புதிய சாம்பல் கட்டை ஒன்றைச் செருகும்போது, இரண்டும் இம்மியும் பிசகாமல் பொருந்துகின்றன, ஆனால் ஒரே நிறமாகத் தெரியவில்லை என்பதை அவர் காண்கிறார். பிள்ளைக்கு அது தெரிவதில்லை, மனைவிக்கும் தெரிவதில்லை. அவருக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது, தெரிந்ததைத் தெரியாததாக்கும் மருந்தோ இன்றுவரை கிடைத்தபாடில்லை.

அவர் கண்டது பிரமை அன்று என்பதை நேர்மையோடு கூறிவிட வேண்டும். நெடுங்காலம் புழங்கிவந்த வெளிர்சாம்பல், கருஞ்சாம்பல், பழுப்பு ஆகிய மூன்று நிறங்களையும் நிறுவனம் 2004ஆம் ஆண்டையொட்டிக் கைவிட்டு, மீடியம் ஸ்டோன் கிரே, டார்க் ஸ்டோன் கிரே, ரெட்டிஷ் பிரவுன் என்னும் புதிய மூன்றைக் கொண்டுவந்தது. பழைய சாம்பலில் மஞ்சளின் சாயை இலேசாக ஓடும். புதிய சாம்பலில் ஓடுவது நீலம். நீலத்துக்கும் சாம்பலுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்து ‘ப்ளே’ என்றொரு வசைப்பெயரைப் புதிய நிறத்துக்குச் சூட்டிய சேகரிப்பாளர்கள், ஒரு தலைமுறைக்குப் போதுமான மனக்கசப்பை அந்த ஓரசைக்குள் அடக்கினர். 1958ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட கட்டையோடு இன்று வார்க்கப்படும் கட்டையும் பொருந்தும் என்பது நிறுவனத்தின் நீங்காப் பெருமை. மேற்புறக் குமிழும் உட்புறக் குழலும் பொருந்தும் என்றார்களே தவிர, நிறம் பொருந்தும் என்று யார் சொன்னார்கள் என்பது நிறுவனத்துக்காகப் பேசுவோரின் வாதம். பாதி கட்டிய கோட்டையோடு நின்றுபோனவர்களுக்கு இவ்வாதம் ஆறுதல் தருவதில்லை.

நிறங்களுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு சேகரிப்பாளர்களின் தலையில் விழுந்ததே அடுத்த வினை. நிறுவனம் தன் நிறங்களுக்குப் பெயரும் எண்ணும் வைத்திருந்தது எனினும் அவை தொழிற்சாலைக்குள் புழங்கினவேயன்றிப் பெட்டியின்மேல் அச்சிடப்படவில்லை. ஆகவே 2000ஆம் ஆண்டில் தோன்றி, உதிரிக் கட்டைகளை வாங்குவோரையும் விற்போரையும் இணைத்த பிரிக்லிங்க் என்னும் சந்தை தனக்கென ஓர் அட்டவணையை வகுத்துக்கொண்டது. அதிலுள்ள பெயர்கள் கண்ணால் கண்டவர்கள் கண்டபடி வைத்தவை. விளைவாக, ஒரே கட்டைக்கு இரண்டு, சில வேளை மூன்று, சாதகங்கள் எழுதப்பட்டன. எல்லாரும் சிவப்பு என்றே அழைக்கும் சிவப்பு, நிறுவனத்தின் பதிவேட்டில் ‘பிரைட் ரெட்’ என்ற பெயரில் 21ஆம் எண்ணாக இருக்கிறது. அட்டவணையில் வெறும் ‘ரெட்’ என்று 5ஆம் எண்ணில் இருக்கிறது. கணினித் திரையில் கட்டைகளை வரைந்து அடுக்குவதற்கென 1990களில் ஆர்வலர்கள் உருவாக்கிய எல்டிரா முறையில் அதுவே 4. நிறுவனத்திடம் 5 என்று கேட்டால் மணல் நிறத்தில் ஒன்று வரும், அதற்கு அங்கே ‘பிரிக் யெல்லோ’ என்று பெயர். அட்டவணையிலோ அது 2ஆம் எண்ணுடைய ‘டான்’. நிறுவனத்தில் 23 நல்ல நீலம், அட்டவணையில் இளஞ்சிவப்பு. வெள்ளைக்கு மட்டும் இரு தரப்பாரும் 1 என்ற எண்ணையே தந்திருப்பது ஏதோ தற்செயலாக நேர்ந்ததாகவே கருதத் தக்கது.

பச்சையில் இக்குழப்பம் உச்சம் தொடுகிறது. நிறுவனம் ‘டார்க் கிரீன்’ என்று குறிப்பது, பொம்மை மரங்களுக்கும் புல்தரைக்கும் உரிய சாதாரணப் பச்சையை. அட்டவணை அதனைக் ‘கிரீன்’ என்று மட்டுமே குறிக்கிறது. அட்டவணையின் ‘டார்க் கிரீன்’ இன்னும் இருண்ட வேறொரு பச்சை. நிறுவனம் அதனை ‘எர்த் கிரீன்’ என்கிறது. இருவர் ஒரே பெயரைச் சொல்லி, இருவரும் உண்மையே பேசி, முடிவில் தவறான ஐந்நூறு கட்டைகள் தபாலில் வந்து இறங்குவதற்கு இவ்வேற்பாட்டைவிடச் சிறந்ததை வேண்டுமென்றே வகுத்திருந்தாலும் வகுத்திருக்க முடியாது. நிறம் பிரிப்பவர் இதைக் கண்டு வருந்துவார் என்று எண்ணுவது அவரை அறியாதவர்களின் எண்ணம். இரு முறைகளையும் மனப்பாடமாகக் கற்று, புதியவர் எவரேனும் ‘கரும்பச்சை’ என்று வாய்தவறிச் சொல்லும் தருணத்தில், எந்த முறைப்படி என்று பணிவோடு வினவுவதே அவருடைய வாழ்வின் பெரும்பேறு.

அவர் ஆய்வு செய்யும் முறை கண்டு களிக்கத் தக்கது. பழைய கட்டைகள் ஒரு கிலோ என்று எடைக்கு வாங்கிய பையை மேசைமேல் கொட்டி, முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்குவதைப் போல விரல் நுனியால் தள்ளித் தள்ளிப் பிரிப்பார். ஆனால் கல் பொறுக்குபவருக்கு அரிசி மிஞ்சும், இவருக்கோ ஒவ்வொன்றும் கல்லாகவே தோன்றும். மேசை வடக்கு நோக்கிய சன்னலருகே இடப்பட்டிருக்கும், ஏனெனில் வட ஐரோப்பாவில் நேர் வெயில் விழாத ஒளி அத்திசையிலிருந்தே வரும். விளக்கு வெளிச்சத்தை அவர் நம்புவதில்லை. ஒரு விளக்கின்கீழ் ஒரே நிறமாகத் தோன்றும் இரு பொருள்கள் வேறொரு விளக்கின்கீழ் வெவ்வேறாகத் தோன்றும் இயல்பை நிறவியலார் மெட்டாமெரிசம் என்பர். சமையலறை விளக்கில் ஒரே கிண்ணத்தில் சேர்ந்த பழைய பழுப்பும் புதிய பழுப்பும் விடிந்ததும் பிரிந்து நிற்பது இதனாலேயே. ஐயம் எழுந்த கட்டையை அவர் முதலில் தலைகீழாகத் திருப்புவார். மேற்புறம் பல்லாண்டு ஒளி பட்டு மாறியிருக்கலாம். குழல்களுக்கு இடையிலுள்ள உட்புறம் பிறந்த நிறத்தை ஓரளவு காத்துவைத்திருக்கும். அதன்பின், தனி உறையில் இருளில் வைத்துப் பேணும் சான்றுக் கட்டையை இடுக்கியால் எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடியும் பின் மறு கண்ணை மூடியும் பார்ப்பார். இறுதியில், பழையதற்கு ஒன்றும் புதியதற்கு ஒன்றுமாக வைத்த கிண்ணங்களை அடுத்து மூன்றாவதாக ஒரு கிண்ணம் எடுக்கப்படும். அதன்மேல் ஒட்டிய சீட்டில் ‘ஐயம்’ என்று எழுதியிருக்கும், மற்றெல்லாக் கிண்ணங்களையும்விட அதுவே விரைவில் நிரம்பும்.

ஐயத்துக்குக் காரணம் அவருடைய கண் மட்டுமன்று. 1963ஆம் ஆண்டுவரை கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட் என்னும் பொருளில் வார்க்கப்பட்டன; அது நாளடைவில் கோணிக்கொள்ளும் இயல்புடையது. பின்னர் வந்த ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் உருவத்தைக் காக்கும், நிறத்தைக் காப்பதாக உறுதி தராது. வெயில் பட்டால் வெள்ளை மஞ்சளிக்கும், பழைய சாம்பல் பழுத்த இலையின் நிறத்தை நோக்கி நகரும். நிறமற்ற குருணையோடு நிறமிக் குருணையைச் சிறிதளவு சேர்த்து உருக்கி வார்ப்பதால், இந்த வார்ப்புக்கும் அடுத்த வார்ப்புக்கும் மயிரிழை வேறுபாடு நேர்வதும் உண்டு. இயந்திரத்தில் ஒரு நிறம் தீர்ந்து மறு நிறம் வரும் இடைவேளையில் இரண்டும் கலந்து பளிங்குக் கோடுகளோடு ஒரு கட்டை எப்போதேனும் தப்பி வெளியே வந்துவிடும். பிறர் குப்பையில் எறியும் அந்தப் பிழைப்பிறவியை நிறம் பிரிப்பவர் பஞ்சுப்பொதியில் வைக்கிறார். ஆனால் அட்டவணையில் அதை எந்த எண்ணில் பதிவது என்ற வினா எழுந்தவுடன் மகிழ்ச்சி போய்த் தூக்கம் கெடுகிறது.

மஞ்சளித்த வெள்ளை, வெள்ளையா மஞ்சளா என்பது இவர்களிடையே தீராத வழக்கு. ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் மூழ்கிய நிலையில் வெயிலில் வைத்தால் அது மீண்டும் வெளுக்கும் என்பதைக் கண்டறிந்த நடைமுறைவாதிகள் ஒரு கட்சி. அவ்வாறு வெளுத்தது பிறப்பால் வெள்ளையேயாயினும் சான்றாகக் காட்டத் தகுதியற்றது என்று தூய்மைவாதிகள் மறு கட்சி. இவ்வழக்கில் இவ்வியல் தீர்ப்புக் கூற முன்வரவில்லை. எனினும் 2004இல் பழைய பழுப்பை விரட்டிவிட்டு வந்த ரெட்டிஷ் பிரவுன், சில ஆண்டு உற்பத்தியில் விரல் பட்டதும் விரிசல் விடும் அளவுக்கு நொறுங்கலாக அமைந்து பெயரைக் கெடுத்துக்கொண்டது என்பதையும், அச்செய்தியைச் சொல்லும்போது பழம்பழுப்பின் பக்தர்களுடைய முகத்தில் ஒருவகைத் தெளிவு பிறக்கிறது என்பதையும் பதிவு செய்யாமல் விடுவது முறையாகாது.

ஒளி ஊடுருவும் கட்டைகள், முத்துப்போல் மின்னுபவை, குரோமியப் பூச்சு, பால் கலந்தாற்போன்றவை, மினுக்குத்தூள் பொதிந்தவை, புள்ளி தெளித்தவை என அட்டவணை மேலும் விரிந்து செல்கிறது. 1979 முதல் 1989 வரை வெளிவந்த ஃபேபுலாண்ட் என்னும் விலங்குப் பொம்மைத் தொடரின் பெயராலேயே ஒரு பழுப்பும் ஓர் ஆரஞ்சும் வழங்குகின்றன. கப்பல் நிறுவனம் ஒன்றின் பெயரால் மெர்ஸ்க் நீலம் இருக்கிறது. கட்டடக் கலைஞர்களின் மாதிரிகளுக்கென 1963இல் தொடங்கப்பட்ட மாடுலெக்ஸ் என்னும் சிறுகட்டைகள் லெகோ கட்டையோடு பொருந்தவே மாட்டா. பொருந்தாவிட்டால் என்ன, நிறம் இருக்கிறதே என்று அவையும் அட்டவணைக்குள் இடம்பிடித்துத் தனிக் குடித்தனம் நடத்துகின்றன. 1993இல் வந்த ‘ஐஸ் பிளானெட்’ விண்வெளித் தொடரின் கண்ணாடி ஆரஞ்சைப் புற ஊதா விளக்கின்கீழ் வைத்தால் தணல்போல் ஒளிரும் என்பதால், நிறம் பிரிப்பவரின் சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக அவ்விளக்குச் செருகப்பட்டிருப்பதுண்டு. விருந்துக்குப் போன வீட்டில் அந்த வீட்டுப் பிள்ளையின் பொம்மைக் கூடைமேல் அதைப் பாய்ச்சாமல் திரும்புவது அவருக்குப் பெரும் புலனடக்கம்.

சேகரிப்பு உலகில் கட்டைகளை அடுக்குவது குறித்து அனுபவத்தில் விளைந்த ஒரு கொள்கை உண்டு. புதியவர் நிறவாரியாகப் பிரிப்பார். அப்படிப் பிரித்த பெட்டியில் கருப்புக் கட்டைகளுக்கு நடுவே ஒரு சிறு கருப்புக் கீலைத் தேடிக் கண் பூத்துப்போன பின்னர், வடிவவாரியாகப் பிரிப்பதே அறிவு என்று உணர்வார், ஏனெனில் ஒரே வடிவங்களின் குவியலில் வேண்டிய நிறம் தானே கண்ணில் படும். இவ்வறிவையும் கடந்தவரே நிறம் பிரிப்பவர். அவர் வடிவவாரியாகப் பிரித்ததை மீண்டும் நிறவாரியாகவும், நிறவாரியாகப் பிரித்ததை ஆண்டுவாரியாகவும் பிரித்து, இழுப்பறை ஒன்றுக்கு மூன்று கட்டைகள் என்ற நிலையை எய்தியிருப்பார். அவற்றிலிருந்து எதையேனும் எடுத்துக் கட்டுவது என்ற பேச்சே எழுவதில்லை. எடுத்தால் இழுப்பறை காலியாகிவிடும். மகள் ஒருநாள் எல்லா இழுப்பறைகளிலிருந்தும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு வீடு கட்டிவிட்டால், அவர் கோபிப்பதில்லை. வீட்டைச் சுற்றிவந்து நன்றாயிருக்கிறது என்று பாராட்டிவிட்டு, வாசற்படியில் பழஞ்சாம்பலும் புதுச்சாம்பலும் அடுத்தடுத்து இருப்பதை மட்டும் மென்மையாகச் சுட்டிக்காட்டுவார். அவள் அடுத்த வாரம் பந்தாட்டத்தில் சேர்ந்துவிடுவாள்.

ஆயினும் இவரைப் பயனற்றவர் என்று ஒதுக்குவது நன்றியின்மை. எந்த நிறம் எந்த ஆண்டு வந்தது, எது எப்போது மறைந்தது என்ற வரலாற்றை முறையாக எழுதிவைத்தவர்கள் இவர்களே. கைவிடப்பட்டிருந்த கருநீலப்பச்சை 2018இல் மீண்டும் உற்பத்திக்கு வந்தபோது, அது பழையதேதானா என்பதை ஒப்பிட்டுச் சொல்லக்கூடிய சான்றுக் கட்டைகள் அவர்களுடைய இழுப்பறைகளில் காத்துக்கிடந்தன.

2019இல் லெகோ நிறுவனம் பிரிக்லிங்கை விலைக்கு வாங்கியது. நிறம் பிரிப்போர் தங்கள் அட்டவணையே வென்றது என்று சில நாள் கொண்டாடினர்; பின்னர், நிறுவனத்தின் பெயர்கள் வந்து அட்டவணையின் பெயர்களை அழித்துவிடுமோ என்று பல நாள் அஞ்சினர். அட்டவணை தன் பெயர்களைப் பெரும்பாலும் விடவில்லை, நிறுவனமும் தன் பெயர்களை விடவில்லை. ஒரே உரிமையாளரின் கூரையின்கீழ் சிவப்பு 21ஆகவும் 5ஆகவும் இருந்துவருகிறது. இரண்டையும் ஒன்றாக்கலாமே என்று வெளியார் கேட்டால், ஆக்கலாம்தான், ஆனால் ஒட்டிய சீட்டுகள் அத்தனையையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது யார் என்று நிறம் பிரிப்போர் இழுப்பறைச் சுவரைக் காட்டுகிறார்கள்.