நம்பர் சொல்லுங்க சார்

காலையில் ஒரு மின்னஞ்சல். எப்போதோ ஒரே ஒரு குக்கர் கேஸ்கட் வாங்கிய கடையிலிருந்து. "உங்கள் பாதுகாப்பே எங்களுக்கு முக்கியம்" என்று ஆரம்பித்ததுமே வயிற்றைக் கலக்கியது. நம் பாதுகாப்பைப் பற்றி ஒரு கம்பெனி பேச ஆரம்பித்தால் அது ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள். இரண்டாவது பத்தியில் விஷயம் வந்தது: வாடிக்கையாளர் விவரங்கள் 'வெளிநபர்களால் அணுகப்பட்டிருக்கலாம்'. எங்கள் ஊரில் இதற்குத் திருட்டு என்று பேர். நான் உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமாம். அவர்கள் வீட்டுப் பூட்டு உடைந்ததற்கு நான் சாவி செய்யக் கிளம்ப வேண்டும்.

  நம் விவரம் கடைக்குப் போய்ச் சேருவதே இந்த பில் கவுண்டரில்தான்.

ஊக்கு வாங்கினாலும் நம்பர், உப்பு வாங்கினாலும் நம்பர். நாமும் அதை ரகசியமாகவா சொல்கிறோம்? ஏலம் விடுவதுபோல் சொல்கிறோம். கவுண்டர் பெண் அதைத் திருப்பிச் சொல்லி, "கடைசியில டபுள் ஃபோரா சார், ட்ரிபிள் ஃபோரா?" என்று ஊரறிய உறுதி செய்கிறாள். பின்னால் நிற்பவருக்கு நம்பர் மனப்பாடம். மருந்துக்கடை என்றால், மூலத்துக்கு நான் போடும் களிம்பும் மனப்பாடம்.

என் மனைவி கெட்டிக்காரி. தன் நம்பரை யாருக்கும் கொடுக்க மாட்டாள். என் நம்பரைத்தான் கொடுப்பாள். மைத்துனனும் அப்படியே. அவன் மாமியாரும். ஆகவே, ஏதோ ஒரு கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நான் டயபரும் தலைச்சாயமும் ஒரே நாளில் வாங்குகிற, மூன்று அளவுகளில் நைட்டி அணிகிற, வாரம் இருமுறை நாய் பிஸ்கட் தின்கிற ஆள். என் விவரத்தைத் திருடியவன் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பான். இத்தனைக்கும் பதினோரு வருஷம் கழித்துக் கையிருப்பு 43 பாயிண்ட். நூறு ஆனால்தான் கழிக்கலாம். ஒருமுறை 96 வரை போனது, காலாவதியாகிவிட்டது.

2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் துறை, பில் போட நம்பர் கேட்டு வற்புறுத்தாதீர்கள் என்று கடைகளுக்குச் சொன்னது. அதே வருஷம் சட்டமும் நிறைவேறியது. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்! கேட்கக் குளிர்ச்சிதான். ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். எனக்கு? உண்டு. நான் பொய்ப் புகார் கொடுத்தால் 10,000 ரூபாய் வரை அபராதம்.

நமக்கும்தான் ரோஷம் எங்கே இருக்கிறது? 2021இல் டாமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர் விவரங்கள் கசிந்து, போன் நம்பரைத் தட்டித் தேடலாம் என்று செய்தி வந்தபோது எனக்குக் கோபமா வந்தது? எதிர்வீட்டுக்காரர் எத்தனை தின்றிருப்பார் என்ற ஆவல்தான் வந்தது.

ஆனால் இன்று ரோஷம் வந்துவிட்டது. மாலையில் வேறொரு கடைக்குப் போனேன். ஒரு சோப்பு.

"நம்பர் சொல்லுங்க சார்."

"கொடுக்க முடியாது."

"சிஸ்டம் எடுக்காது சார்."

ஒன்பது நீதிபதிகளையும் இழுத்தேன். நுகர்வோர் துறையை இழுத்தேன். வரிசை நீண்டது. பின்னாலிருந்த பெரியவர் பொறுமையிழந்து, "எந் நம்பரைப் போட்டு அவரை அனுப்பும்மா" என்றார். போட்டாள். பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தபடி, "ரெண்டு பாயிண்ட் ஏறிடுச்சுங்க ஐயா" என்றாள்.

என் சோப்பு. என் காசு. பாயிண்ட் அவருக்கா?

"கேன்சல் பண்ணும்மா" என்று சொல்லி, என் நம்பரை ஒப்பித்தேன்.

"கடைசியில டபுள் ஃபோரா சார், ட்ரிபிள் ஃபோரா?"

"ட்ரிபிள் ஃபோர்" என்றேன், வாசலில் நின்ற செக்யூரிட்டிக்கும் கேட்கும்படி.