ரங்கராஜன்களும் ரெமிங்டனும்

எங்கள் தட்டச்சுப் பயிலகத்தின் பெயர்ப்பலகையைச் சுரண்டினால் அடுக்கடுக்காகத் தொழில்கள் உதிரும். அடியில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட். அதன்மேல் எஸ்டிடி, ஜெராக்ஸ். அதற்கும் மேல் டிடிபி, பிரௌசிங். இப்போது பான் கார்டு, ரயில் டிக்கெட், ஆன்லைன் விண்ணப்பம். பலகை எழுதிய ஆர்ட்டிஸ்ட்டே இதற்குள் ஃபிளெக்ஸுக்கு மாறிவிட்டார்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் வேலைக் கணக்கிலேயே வராது. திருவெறும்பூர் பெல்லில் சேர்ந்து பெல்லிலேயே ரிடையர் ஆனவர். கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் சாம்பார் வருவதற்குள் கேட்டுவிடுவார்: "எப்படா ஒரு இடத்துல நிலையா உட்காரப் போறே?"

"நான் என்ன பெரியப்பா, இந்த ஊர்ப் பெருமாளே உட்காரலையே, படுத்துண்டுதானே இருக்கார்?"

முறைத்தார். நான் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்களை இழுத்தேன். ஒருவர் படம் வரையக் கிளம்பி, திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதி, சென்னைக்குப் போய்ப் பாட்டெழுதி, பிறகு சினிமாவில் நடிக்கவும் செய்தார். ஓவியர் மாலியை நினைத்து வைத்துக்கொண்ட ‘வாலி’ என்ற பெயரில்தான் பழைய ஆசை மிச்சமிருந்தது. இன்னொருவர் செயின்ட் ஜோசப்ஸில் இயற்பியல், எம்.ஐ.டி.யில் மின்னணுவியல், விமானப் போக்குவரத்துத் துறை, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று போனார். அங்கே வாக்குப்பதிவு இயந்திர வேலை. கதைகளுக்கு மட்டும் மனைவி பெயர், சுஜாதா.

"பாரத் எலெக்ட்ரானிக்ஸா? அதுவும் பெல்தானேடா!" பெரியப்பா இலையிலிருந்து நிமிர்ந்தார். "ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துது, நிம்மதியா கதை எழுதினார். ரிடையர் ஆற வரைக்கும் வேலையை விட்டாரோ?"

விடவில்லை. மாற்றம், மாற்றம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த ஒண்ணாந்தேதியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். மாதச் சம்பளம் இல்லாதவனுக்குப் புதுத்தொழில் பழகும் தைரியம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

என் ஒண்ணாந்தேதி அந்தப் பழைய ரெமிங்டன்தான். எஸ்டிடி போயிற்று, பிரௌசிங்கைச் செல்போன் தின்றது. கம்ப்யூட்டர் வந்து இத்தனை காலமாகியும் தட்டச்சு மெஷினின் கதை முடியவில்லை. குரூப் 4 தட்டச்சர் பதவிக்குத் தட்டச்சுச் சான்றிதழ் வேண்டும் என்கிறது அரசு. ஆபீசில் போய்த் தட்டப்போவது கம்ப்யூட்டரில் என்பதால் ஆஃபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் கேட்கிறது. இரண்டுக்கும் என்னிடமே ஃபீஸ் கட்டலாம்.

தமிழ் லோயர் சேர நினைப்பவர்கள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். ஏழு மணி பேட்ச் நிரம்பிவிட்டது.