டைட்டில் மட்டும் ரெடி

விஸ்காம் இறுதியாண்டில் குறும்பட புராஜெக்டுக்குத் தேதி குறித்ததும் வகுப்புக்கு ஒருவராவது இந்த அவதாரம் எடுத்துவிடுகிறார். எடுக்கப்போவது த்ரில்லர். அதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. கதை என்னவென்று கேட்டால் "ஒன்லைன் ரெடி ஜி" என்பார். ஒன்லைன் இதுதான்: ஒரு கொலை நடக்கிறது, ஆனால் அது கொலையே இல்லை. சரி, அப்புறம் என்ன ஆகிறது என்று கேட்டுவிட்டால் டீக்கடை பெஞ்சில் சற்று நேரம் பேச்சே எழாது. "அத டிஸ்கஷன்ல பாத்துக்கலாம் மச்சி." படம் எப்படித் தொடங்குகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், கையிலிருக்கும் டீ ஆறிவிடும். கறுப்புத் திரை. எங்கோ சொட்டும் குழாய். ஒரு கண்ணின் க்ளோஸப். கருவிழிக்குள்ளிருந்து மிதந்து வரும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் (நிறுவனம் என்பது ஹாஸ்டலின் இரண்டாம் மாடி). 1 நிமிடம் 50 விநாடி, 34 ஷாட். ஒவ்வொன்றுக்கும் ஸ்டோரிபோர்டு வரைந்து, ஓரத்தில் எந்த ஃபாண்ட், எத்தனை ஃப்ரேம் நிற்கும், எந்த இடத்தில் கிளிட்ச் அடிக்கும் என்றெல்லாம் குறித்து வைத்திருப்பார். படம் மொத்தமே 8 நிமிடம்.

இவரைச் சோம்பேறி என்று சொல்லும் பேராசிரியர்கள் உண்டு. அது அபாண்டம். பெயருக்கும் பெயருக்கும் நடுவே எத்தனை பிக்சல் இடைவெளி என்று இரவு இரண்டு மணிக்கு ஜூம் பண்ணிப் பார்க்கிறவரை எந்த நியாயத்தில் சோம்பேறி என்பது? சினிமா மோகம் தலைக்கேறிவிட்டது என்பார்கள் வீட்டில். அதுவும் முழு உண்மையில்லை. மோகம் இருந்திருந்தால் காதல் கதையோ, தாத்தா பேரன் கதையோ எடுத்து எல்லோரையும் அழவைத்து மதிப்பெண் வாங்கியிருப்பார். காரணம் த்ரில்லர் என்ற அந்த வகைக்குள்ளேயே இருக்கிறது. மற்ற கதைகளை நடுவிலிருந்து யோசிக்கலாம். த்ரில்லரை மட்டும் கடைசியிலிருந்து யோசிக்க வேண்டும். யார் செய்தது, ஏன் செய்தது, எந்த விவரத்தை எந்த நிமிடம் வரை மறைப்பது என்று தெரியாமல் ஒரு கதவைத் திறக்கும் ஷாட்டைக்கூட உருப்படியாக வைக்க முடியாது. அப்படிப்பட்ட படத்தில், கொலைகாரன் யாரென்று தெரியாமலேயே எடுத்து முடித்துவிடலாம் என்று நம்பவைக்கும் ஒரே பகுதி டைட்டில். நம்மவர் அங்கே போய்ப் பாய் விரித்துக்கொள்கிறார். பெண் பார்க்கும் முன்பே பத்திரிகை அடித்து, அதற்கு மஞ்சள் தடவிக்கொண்டிருப்பவரின் சுறுசுறுப்பு அது.

அந்த 34 ஷாட்டுகளில் என்னதான் இருக்கின்றன என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். சிவப்பு நூலால் இணைத்த புகைப்படங்கள் நிச்சயம் உண்டு. அவை குத்தப்பட்டிருப்பது டிபார்ட்மெண்டின் நோட்டீஸ் போர்டில். வலது மூலையில் தேர்வுக் கட்டணச் சுற்றறிக்கை பாதி தெரியும். 'நகரில் மர்மக் கொலை' என்ற செய்தித்தாள் துண்டு உண்டு. தலைப்பை மட்டும் கலர் ஜெராக்ஸ் கடையில் அடித்து ஒட்டியிருப்பதால், நிறுத்திப் படித்தால் கீழே சின்ன வெங்காயத்தின் விலை நிலவரம் இருக்கும். நீரில் பரவும் சிவப்பு மை உண்டு: மீன் தொட்டியில் பேனா மையைச் சொட்டி, ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுத்து, எடிட்டிங்கில் தலைகீழாகத் திருப்பியது. உண்மையில் அழகாகவே இருக்கும். கையுறை, ஊசி, சதுரங்க ராஜா, அணைந்து எரியும் டியூப்லைட் எல்லாம் வரிசையாக வரும். கதையில் யாருக்கும் சதுரங்கம் தெரியாது, ஊசி போட்டு யாரும் சாகப்போவதில்லை. டைப்ரைட்டர் சத்தம் இல்லாமல் ஒரு பெயரும் திரையில் விழாது, ஆனால் குழுவில் ஒருவரும் டைப்ரைட்டரைத் தொட்டதில்லை. இத்தனை பொருள்களையும் எடுத்து அப்படியே பக்கத்து வகுப்பின் த்ரில்லருக்குக் கொடுத்தால் அங்கேயும் கச்சிதமாகப் பொருந்தும். எந்தக் கொலைக்கும் பொருந்துகிற தடயத்தை வைத்துக்கொண்டு ஒரு போலீஸ்காரரும் ஒன்றும் செய்ய முடியாது.

இதைச் சொன்னால் அவர் சும்மா விடமாட்டார். "செவன் பாத்திருக்கீங்களா ஜி?" என்பார். பார்க்காமல் என்ன? டேவிட் ஃபின்சரின் 1995ஆம் ஆண்டுப் படம். கைல் கூப்பர் செய்த அந்த டைட்டில்தான் இவருடைய லேப்டாப்பில் ரெஃபரன்ஸ் என்ற பெயரில் ஆறு இடத்தில் கிடக்கிறது. ஆனால் அவர் ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்த அளவுக்கு அதைக் கேள்வி கேட்டுப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. பிளேடால் விரல் நுனியின் தோலைச் சீவும் அந்த ஷாட் பயமுறுத்துவதற்காக மட்டும் வைத்ததில்லை. கொலைகாரன் கைரேகையே விடுவதில்லை என்பது கதையின் முக்கியமான முடிச்சு, அதற்கான பதில் அந்த ஷாட். நோட்டுப் புத்தகங்களைத் தைக்கிறானே, அதே நோட்டுகள் அவன் வீட்டில் அடுக்கடுக்காகப் பிறகு அகப்படுகின்றன. படம் ஏறக்குறைய முக்கால்வாசி ஓடிய பிறகே அவன் முகம் நமக்குத் தெரிகிறது. அதுவரை அவன் இருப்பை நம் தோலில் உறைக்கவைப்பது அந்த 2 நிமிடக் கைகள்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய சாமர்த்தியம், அவனாக நடித்த கெவின் ஸ்பேசியின் பெயரை அந்த டைட்டிலில் போடவே இல்லை. பெயரைப் பார்த்ததும் ரசிகன் அவரை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவான் அல்லவா? நம்மவர் படத்திலோ 'வில்லனாக அறிமுகம்' என்று தனிக் கார்டே இருக்கிறது, பின்னணியில் வயலின்களோடு.

சால் பாஸ் என்ற பெயரை அடுத்து எடுப்பார். எடுக்கட்டும். 1960இல் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்கு அவர் செய்த டைட்டிலில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை, அந்த வீடுகூட இல்லை. சாம்பல் நிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன, பெயர்கள் பிளந்து விலகி மறுபடி ஒட்டுகின்றன. மனம் பிளந்த ஒருவனின் கதைக்கு அதற்கு மேல் எதையும் காட்டினால் குட்டு உடைந்துவிடும், குறைத்திருந்தால் அர்த்தமே இருந்திருக்காது. முடிவைத் தெரிந்துகொண்டவனின் அடக்கம் அது. முடிவு தெரியாதவருக்கு அந்த அடக்கம் வராது. எதை மறைக்க வேண்டும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்.

'அவங்க பட்ஜெட் வேற, நம்ம பட்ஜெட் வேற' என்பது அடுத்த வாதம். ஜான் கார்பென்டர் 1978இல் 'ஹாலோவீன்' எடுத்தபோது ஹாலிவுட் கணக்கில் அது கைக்காசுப் படம்; மொத்தச் செலவு சுமார் 3 லட்சம் டாலர். டைட்டிலுக்கு அவர் வைத்தது இருட்டில் ஒரு பூசணிக்காய். உள்ளே விளக்கு எரிகிறது, ஓரத்தில் பெயர்கள் வந்து போகின்றன, கேமரா மெல்ல மெல்ல அதன் ஒரு கண்ணை நோக்கி நகர்கிறது. பின்னணி இசையும் அவரே போட்டது. அவ்வளவுதான். ஆனால் டைட்டில் முடிந்து படம் தொடங்கும் காட்சியைக் கவனியுங்கள். அது கொலைகாரனின் கண் வழியாகப் பார்க்கும் காட்சி. கண்ணுக்குள் போன கேமரா இன்னொரு கண்ணிலிருந்து எட்டிப் பார்க்கிறது. பூசணிக்காய் நம்மூரில் கடைக்குக் கடை தொங்குகிறது, ஆயுத பூஜைக்கு நடுரோட்டிலேயே உடைந்து கிடக்கிறது. நம்மவருக்குத் தட்டுப்பாடு காய்க்கு இல்லை, அடுத்து வரும் காட்சிக்குத்தான்.

'மூடு செட் பண்ணணும்ல, எடுத்தவுடனே கதைக்குள்ள போக முடியுமா' என்பது இன்னொரு வாதம். இதில் பாதி நியாயம் இருக்கிறது. 1955இல் 'தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்' வெளியானபோது, திரைச்சீலை முழுதாக விலகிய பிறகே டைட்டிலை ஓட்டும்படி தியேட்டர் ஆபரேட்டர்களுக்குக் குறிப்பு அனுப்ப வேண்டியிருந்தது. மூடிய சீலை மேலேயே பெயர்களை ஓட்டி முடிப்பது அப்போது அங்கே அவ்வளவு சகஜம். அந்தக் காலத்தை மாற்றியவர் சால் பாஸ்தான், மறுக்கவில்லை. மீதிப் பாதி நியாயத்தை ஆர்சன் வெல்ஸிடம்தான் கேட்க வேண்டும். 1958இல் 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் முதல் ஷாட்டில் ஒரு காரின் டிக்கியில் வெடிகுண்டு வைக்கிறார்கள். வெட்டே இல்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல் கேமரா அந்தக் காரோடும் தெருக்கூட்டத்தோடும் எல்லை வரை போகிறது. ஸ்டுடியோ அதன் மேல் பெயர்களை ஒட்டி, இசையையும் போட்டு வெளியிட்டது. குண்டைப் பார்ப்பதா, மேக்கப் யாரென்று படிப்பதா? வெல்ஸ் 58 பக்கத்துக்குக் குறிப்பு எழுதி முட்டிமோதியும் அவர் காலத்தில் வேலை நடக்கவில்லை. 1998இல் அந்தக் குறிப்பின்படி படத்தைச் சீரமைத்தபோதுதான் பெயர்கள் விலகின. மூடு என்பது சில சமயம் டைட்டிலை ஒதுக்கி வைப்பதாலும் வருகிறது. அவ்வளவு தூரம் போவானேன், நம் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' இருக்கிறது. 1954ஆம் ஆண்டுப் படம், ஏவி.எம். தயாரிப்பு, ஒரு பாட்டுகூடக் கிடையாது, கதாநாயகன் சிவாஜி தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். சுட்டது யாரென்பது கடைசியில்தான் தெரியும். 70 வருடம் தாண்டினாலும் இங்கே சொல்லப்போவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிரிட்டனில் மேல்நிலைப் பள்ளி மீடியா பாடத்திட்டம் ஒன்றில் பல வருடங்களுக்கு மாணவர்களுக்குக் கொடுத்த செய்முறையே இதுதான்: ஒரு புதிய படத்தின் டைட்டிலும் தொடக்கமும் மட்டும், 2 நிமிடத்துக்கு மிகாமல். மீதிப் படம் வேண்டாம். அங்கேயும் பிள்ளைகளில் நிறையப் பேர் த்ரில்லரைத்தான் எடுத்துக்கொண்டார்கள், காரணம் யூகிக்கக்கூடியதே. அது நேர்மையான ஏற்பாடு, படம் வரும் என்று யாருக்கும் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. நம்மவர் அங்கே பிறந்திருந்தால் முதல் மதிப்பெண். இங்கேதான் பாவம், டைட்டிலுக்குப் பின்னால் ஆறு நிமிடச் சொச்சம் காலியாகக் கிடக்கிறது.

படத்தின் பெயர் ஏன் எப்போதும் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதற்கும் இங்கேயே விடை கிடைக்கும். கேட்டால் ஃபெஸ்டிவலுக்கு அனுப்ப வேண்டும் என்பார். உண்மையில் முதலில் தமிழில்தான் வைத்திருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வர வேண்டும் என்று திட்டம். 'கொலை' என்று அடித்ததும், கொம்பு ஒன்று தனியாக நடந்து வந்து நின்றது, பின்னாலேயே 'க' வந்தது, கடைசியில் கால். மென்பொருளின் அமைப்பில் இந்திய எழுத்துகளுக்கென ஒரு தேர்வு இருக்கிறது, அதை மாற்றினால் உயிர்மெய் உடையாது. அதைத் தேடிக் கண்டுபிடிக்கப் பொறுமை இல்லாமல், மறுநாள் காலையில் படத்துக்கு ஆங்கிலப் பெயர் வைத்து, அதில் ஓர் எழுத்துக்குப் பதிலாக 3 என்ற எண்ணையும் நுழைத்துவிட்டார்.

பெயர் போடும் கார்டுகளின் வரிசைதான் இந்தப் படத்தில் உண்மையான சஸ்பென்ஸ். மாமாவின் கல்யாண ஸ்டுடியோவிலிருந்து கேமரா கொண்டுவந்தவன் டிஓபி. பைக் கொடுத்தவன் இணை தயாரிப்பாளர். ரெண்டர் போட லேப்டாப் கொடுத்தவனுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ். மெஸ் அண்ணனுக்கும் ஹெச்.ஓ.டி.க்கும் ஒரே நன்றி கார்டு, யார் பெயர் மேலே என்பதில் இரண்டு நாள் பஞ்சாயத்து. எல்லாம் முடிந்து, இசை உச்சத்துக்குப் போய் சட்டென நின்று, முழு இருட்டில் கதை, திரைக்கதை, வசனம், படத்தொகுப்பு, இயக்கம் என்று ஒரே ஒரு பெயர். தொடக்கக் கார்டுகளில் இயக்குநருக்குக் கடைசி இடம் என்பது உலக வழக்கம். 34 ஷாட்டும் அந்த ஒரு கார்டுக்காகக் கட்டிய படிக்கட்டு. மோஷன் கிராஃபிக்ஸ் கம்பெனிகளில் இவரைப் போன்றவருக்கு நல்ல வேலையே கிடைக்கும், சால் பாஸும் கிராஃபிக் டிசைனராக வாழ்ந்தவர்தான் என்று எடுத்துச் சொன்னால் முகம் சுண்டிவிடும். டைட்டில் டிசைனருக்குக் கடைசிக் கார்டு கிடைக்காதே.

மீதிப் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்து முடிக்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலில் தங்கிவிட்டவன் எவனோ அவனே கொலைகாரன். நல்ல பையன், ஆறடி, கை நிறைய ரோமம். டைட்டிலில் கொலைத் திட்டம் எழுதும் கை மட்டும் எழுத்து அழகாக இருக்க வேண்டுமே என்று வகுப்புப் பெண் ஒருத்தியிடம் கடன் வாங்கியது, அவளுக்கு அந்த வாரம் அக்கா கல்யாணம். வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் பொறுப்பான மனிதர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டு நிமிடமும் பார்த்தார். "ஏம்ப்பா, மருதாணி போட்ட கையால எழுதிச்சே ஒரு பொண்ணு, அது கடைசி வரைக்கும் வரவே இல்லையே?" என்று கேட்டார். நம்மவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"சார், அது டைட்டில் சார். கதையில வராது."