கீபோர்டு செய்த பாவம் என்ன?

மடிக்கணினியில் எழுத்து விழவில்லை என்றால் வழக்கமான முதலுதவி, அதே விசையை இன்னும் பலமாக அழுத்துவது. பலன் இல்லையென்றால் ஓங்கி இரண்டு தட்டு. அதற்கும் மசியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகள் மீது விசாரணை. இவற்றால் குணமான கீபோர்டு அபூர்வம். பழுது என்று அலறப்படுவதில் பல பழுதே அல்ல. உரிமையாளர் தமக்கே தெரியாமல் போட்ட உத்தரவு.

நம்லாக் இதற்கு நல்ல சாட்சி. எண்களுக்கெனத் தனிப்பகுதி இல்லாத பழைய மடிக்கணினிகள் பலவற்றில், அது விழித்துக்கொண்டால் யு, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகிவிடும், ஜே, கே, எல் 1, 2, 3 ஆகும், எம் பூஜ்யம். ஆங்கில எழுத்தில் 'கிளி' என்று அடித்தவருக்கு 2535 கிடைக்கும். கண்ணுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. பாஸ்வேர்டு கட்டத்தில் கிளிக்கும் நான்கு புள்ளி, 2535க்கும் நான்கு புள்ளி. தவறு, தவறு என்று கணினி சொல்லச் சொல்ல, மனிதர் தம் ஞாபகசக்தியைச் சந்தேகிக்கத் தொடங்குவார்.

விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்' எழும். கை நடுங்குபவர்களுக்கான நல்ல ஏற்பாடு அது. சட்டென்று பட்டுப்போகும் அழுத்தங்களைக் கண்டுகொள்ளாது. அடுத்த வார்த்தையை யோசித்தபடி ஷிஃப்டில் விரலை ஊன்றிக்கொள்பவர்கள் இதில் சிக்குவார்கள். யோசிக்காமல் எழுதுபவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை.

தமிழில் அடிப்பவர்களுக்குக் கூடுதல் சலுகை உண்டு. விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்ந்து அமுங்கினால் மொழி மாறும். தமிழ்99இல் 'அம்மா' என்று பழகிய விரலுக்கு, ஆங்கிலத்தில் ஏ, கே, கே, கியூ என்று விழும். 1999இல் தமிழக அரசு ஏற்ற இந்த முறையும், ஒலிப்புவழி அஞ்சலும், பழைய டைப்ரைட்டர் வரிசையும் ஒரே அலுவலகக் கணினியில் குடியிருந்தால், அடுத்து வந்து உட்காருபவர் கீபோர்டு கெட்டுவிட்டது என்று புகார் எழுதுவார். அதையும் கையால்தான் எழுதியாக வேண்டும்.

ஒரு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பார்ப்பது எளிய சோதனை. அதிலும் அதே கோளாறு என்றால் மென்பொருள்தான் காரணம். விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் பயாஸ் திரையிலும் விசை ஊமையாக இருந்தால் வன்பொருள் மீது தாராளமாகப் பழி போடலாம். விசைகள் குறுக்கும் நெடுக்குமான மின்தடங்களில் கோக்கப்பட்டவை. ஒரு வீட்டில் மட்டும் கரண்ட் போனால் ஃப்யூஸ், தெருவுக்கே போனால் டிரான்ஸ்ஃபார்மர். அதுபோல ஒற்றை விசை செத்தால் அதன் அடியில் அழுக்கு, சம்பந்தமே இல்லாதவை கூட்டமாகச் செத்தால் மின்தடத்திலோ ரிப்பன் கேபிளிலோ கோளாறு.

அழுக்கைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆப்பிள் 2015இல் கொண்டுவந்த மெல்லிய 'பட்டர்ஃபிளை' விசைகளைத் தூசித் துணுக்கே முடக்கியது. மடிக்கணினியை 75 டிகிரி சாய்த்துக் காற்றடிக்கும்படி நிறுவனமே வழி சொன்னது. கோணமானியை மட்டும் பெட்டியில் வைக்கவில்லை. 2018இல் இலவசப் பழுதுநீக்கம் அறிவித்து, 2019இல் பழைய கத்தரி அமைப்புக்கே திரும்பத் தொடங்கியது.

திரவம் கொட்டினால் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப்பிடித்து அணைத்து, கூடாரம்போலக் கவிழ்க்க வேண்டும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் அரிசிக்குத்தான் நஷ்டம். தண்ணீர் காய்ந்துவிடக்கூடும், காபியின் சர்க்கரை காய்ந்து பிசினாகி விசையைப் பிடித்துக்கொள்ளும், எறும்பையும் அழைக்கும்.

கீபோர்டோ டச்பேடோ மேடுதட்டியிருந்தால் அது வேறு சமாசாரம்: உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்திப் பார்க்காமல், சார்ஜ் போடாமல் உடனே சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டும். இதில் மட்டும் வேடிக்கை இல்லை.

கீபோர்டையே மாற்றுவது கடைசி வழி. பழைய மாடல்கள் பலவற்றில் சில திருகுகளோடு வேலை முடியும். புதியவை பலவற்றில் உருக்கி ஒட்டிய பிளாஸ்டிக் ரிவெட்டுகள், ஆகவே மேல்மூடியோடு சேர்த்து மாற்ற நேரும். சென்னை ரிச்சி தெருக் கணினிக் கடைக்காரர் முதலில் கேட்பது மாடல் நம்பர். அடுத்து, "ஏதாவது கொட்டுச்சா சார்?"

"சேச்சே, இல்லையே."

திறந்ததும் டிகிரி காபி மணக்கும். அவர் ஒன்றும் சொல்வதில்லை, பில்லில் சேர்த்துக்கொள்வார்.