குட்டி விமானமும் கிரிவலப் பாதையும்

பௌர்ணமி இரவு. ஊரே 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறது. நம்ம திருவண்ணாமலைத் தம்பிகளோ அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வானத்தைச் சுற்றுகிறார்கள். ஆன்லைன் விமானச் சண்டை. ஆளுக்கொரு பெரிய ஜெட் எடுக்க, ஒருவன் மட்டும் பட்டியலில் ஆகச் சின்னதைப் பிடிப்பான். கேட்டால் 1965 இந்தியா-பாகிஸ்தான் போரை இழுப்பான்.

இழுக்கட்டும், விஷயம் உண்மைதான். ஏழு மீட்டர்கூட இறக்கை வீச்சு இல்லாத நம் 'நாட்' விமானம், அந்தப் போரில் பாகிஸ்தானின் அமெரிக்க சேபர் ஜெட்களை வீழ்த்தி, 'சேபர் கொல்லி' என்று பெயர் வாங்கியது. உருவம் சின்னது; எதிரி கண்ணில் படுவதற்குள் பின்னால் வந்து நிற்கும். ஆனால் துப்பாக்கி நடுச்சண்டையில் சிக்கிக்கொள்ளும். ஒரு நாட் பாகிஸ்தானின் பஸ்ரூரிலேயே இறங்கி, இப்போது கராச்சி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தம்பி இதை மட்டும் சொல்லமாட்டான்.

அடுத்த போர். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர். ஒற்றை நாட் விமானத்தில் பல சேபர்களை எதிர்த்து உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் செகோனுக்குப் பரம்வீர் சக்ரா. விமானப்படையில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. தம்பியோ விளையாட்டில் ராத்திரிக்குப் பத்து முறை சாகிறான். பட்டனைத் தட்டினால் புது விமானம். பதினோராவது முறை மட்டும் அம்மா வை-ஃபையை அணைத்துவிட்டார்.