குளியலறை வித்வான்களுக்கு

குளியலறையில் பாடினால் என் குரல் எஸ்.பி.பி. மாதிரி இருக்கிறது. ஹாலுக்கு வந்தால் என் குரல் மாதிரியே இருக்கிறதே, ஏன்?

ஹாலில் சோபா, திரைச்சீலை, உங்கள் குடும்பத்தார். மூன்றுமே சத்தத்தை அடக்கக்கூடியவை! டைல்ஸுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும்.

காலி வீட்டில் கணீரென்று கேட்ட குரல், சாமான் வந்ததும் எங்கே போகிறது?

மெத்தைக்குள். நிஜமாகத்தான். 1895-இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் ஐந்தரை விநாடி சுற்றிக்கொண்டிருந்தது. வாத்தியார் அடுத்த வாக்கியத்தை முடிக்கும்போதும் முந்தைய வாக்கியம் கிளம்பிப் போயிருக்காது! வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் சுமந்து வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் அடங்கும் நேரத்தைக் குறித்தார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போயாக வேண்டும். (நம்மூரில் பந்தல்காரர் படும் பாடு.) கிடைத்த கணக்கு: அறை பெரிதானால் முழக்கம் நீளும், மெத்தை கூடினால் குறுகும். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹாலுக்கு இந்தக் கணக்குதான் கைகொடுத்தது.

கூட்டமே வராத கச்சேரியில் மைக் ஏன் இரைகிறது?

ரசிகரும் ஒருவகை மெத்தைதான் ஐயா. வராவிட்டால் யார் உறிஞ்சுவது?

சத்தத்தை முழுசாக விழுங்கும் பொருள் உண்டா?

திறந்த ஜன்னல்! போன சத்தம் திரும்பாது. சபைன் தன் கணக்குக்கு அளவுகோலாக வைத்ததே அதைத்தான். திரும்பி வந்தால், அது பக்கத்து வீட்டுக்காரர்.