லாபம், ரெண்டு, மூணு

கூட்ஸ் வண்டியைக் காட்டி, "சார், இது எங்க போவுது?" என்று கேட்கிற ஆளை என்ன செய்யலாம்? போன வாரம் அரக்கோணம் ஜங்ஷனில் ஒருவர் கேட்டார். கையில் சின்னப் பை, முகத்தில் அவசரம். ஏறிவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. நான் அப்போது 37-இல் இருந்தேன். வாயைத் திறந்தால் எண்ணிக்கை போகும், திறக்காவிட்டால் மரியாதை போகும். கையை மட்டும் ஆட்டினேன். மனுஷர் விடவில்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "கரி ஏத்தினு போவுதா, காலியா போவுதா?" என்றார். போச்சு. அடுத்து வந்த பெட்டி 38-ஆ 40-ஆ என்பது இந்த நிமிஷம் வரை தெரியாது. வண்டி போக வேண்டிய இடத்துக்குப் போய், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கூட இருக்கும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

ரயில் பார்க்கத் தாம்பரத்தைவிட அரக்கோணமே மேல் என்பதற்கு ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எண்ணுவதைப் பற்றி இரண்டு வார்த்தை.

நீங்களும் எண்ணுவீர்கள். சும்மா மறைக்காதீர்கள். கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் முறையாக எண்ணுகிறீர்களா என்பதுதான் கேள்வி. என் அப்பா களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்பார். அப்புறம் ரெண்டு, மூணு. பிற்பாடு போடியில் ஏலக்காய் கமிஷன் கடையில் கணக்கு எழுதின காலத்திலும் எனக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. கூட்ஸ் வண்டிக்கும் அதே கணக்குதான். இங்கேதான் தகராறு ஆரம்பிக்கிறது. லாபம் என்பது எஞ்சினா, முதல் பெட்டியா?

எஞ்சின் சரக்கு ஏற்றுவதில்லை, ஆகவே அது லாபம் ஆகாது என்பது என் கட்சி. எஞ்சின் இல்லாவிட்டால் லாபமே இல்லை என்பது போடியில் என்னோடு நடக்க வருகிற ரிடையர்டு வாத்தியாரின் கட்சி. இரண்டு எஞ்சின் பூட்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், இரட்டை லாபம் என்கிறார். சரி, அதை விடுவோம். கடைசியில் வருகிற கார்டு பெட்டியை எண்ணுவதா வேண்டாமா? 2022-இல் கார்டு என்ற பதவிப் பெயரையே மாற்றி 'டிரெயின் மேனேஜர்' ஆக்கிவிட்டார்கள். ஒரு மேனேஜர் உட்கார்ந்து வருகிற பெட்டியைக் கணக்கில் விடலாமா என்று வீட்டில் கேட்டேன். "மேனேஜர் உக்காந்தா அது பெட்டி இல்லைங்க, ஆபீசு" என்றாள். அன்றிலிருந்து சேர்ப்பதில்லை.

டேங்கர் வண்டி எண்ணச் சுகம். ஒவ்வொன்றும் தனித்தனியாக உருண்டையாகத் தெரியும். மூடின பெட்டி மோசம், கதவை எண்ணுகிறோமா பெட்டியை எண்ணுகிறோமா என்று பாதியில் சந்தேகம் வந்துவிடும். கன்டெய்னர் வண்டி அதைவிட மோசம். ஒரு பெட்டிமேல் பெரிசாக ஒன்று இருக்கும், அடுத்ததன்மேல் சின்னதாக இரண்டு, அதற்கடுத்தது மொட்டையாக வரும். மொட்டையை எண்ணுவதா? எண்ணத்தான் வேண்டும், சக்கரம் இருக்கிறதே. நீங்கள் இந்த நியாயத்தைப் பேசி முடிப்பதற்குள் நாலு பெட்டி போயிருக்கும். எல்லாம் சரியாக வந்து 22-இல் நிற்கும்போது, நமக்கும் கூட்ஸுக்கும் நடுவிலே மின்சார ரயில் ஒன்று வந்து நிற்கும். அதன் வாசல் வழியாக, இறங்குகிறவர்களின் அக்குள் வழியாக, சத்தத்தை வைத்துத் தலையை ஆட்டி ஆட்டி எண்ண வேண்டும். அந்த நேரத்தில் பார்க்கிறவர்கள் எனக்கு ஏதோ நரம்புக் கோளாறு என்றுதான் நினைப்பார்கள்.

"கரி வண்டின்னா பெரும்பாலும் 58, இல்லாட்டி 59 பெட்டிதான் மாமா. நெட்லயே இருக்கு. அப்புறம் எதுக்கு எண்றீங்க?" என்று ஆவடியில் இருக்கிற மாப்பிள்ளை கேட்டார். நல்ல பிள்ளை. ரயில்வே எண்ணினது ரயில்வேக்கு, நான் எண்ணுவது எனக்கு என்றேன். அதோடு மால், பீச் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

அரக்கோணத்துக்கு வருகிறேன். 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். இன்றைக்குச் சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டு என்று நாலு பக்கமும் பாதை. உட்கார்ந்த இடத்தில் கண்ணுக்கு ஓய்வே இருக்காது. ஆனால் இப்போதெல்லாம் பார்க்க விடுகிறார்களா? மைசூரு வந்தே பாரத் நிற்காமல் பறக்கிற நேரத்தில் ஒரு பையன் குச்சியில் போனைச் சொருகிக்கொண்டு, "அங்கிள், ஃபிரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்கிறான். வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "மக்களே, செம ஸ்பீடு" என்கிறான். அவன் திரும்பியே பார்க்கவில்லை ஐயா! பார்க்காத ரயிலுக்கு என்ன ஸ்பீடு?

இந்த எரிச்சல் போடிக்காரனுக்குத்தான் புரியும். 1928-இல் எங்களுக்கு ரயில் வந்தது. 1942-இல் யுத்தம் என்று தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திருப்பித் தந்தார்கள். 2010 டிசம்பர் 31-ஓடு, அகலப்பாதை ஆக்குகிறோம் என்று மறுபடி நிறுத்தினார்கள். 2023 ஜூன் 15-இல்தான் போடிக்கு மறுபடி ரயில். மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர், அகலப்பாதை 1676. கூட்ட வேண்டியிருந்தது 676 மில்லிமீட்டர். பன்னிரண்டரை வருஷத்துக்கு வகுத்தால் வருஷத்துக்கு 54 சொச்சம். 8 மில்லிமீட்டர் ஏலக்காயை வரிசையாக அடுக்கினால் முழுசாக ஏழு காய்கூட வராது.

ஸ்டேஷனுக்கு மட்டும் எங்கள் மலையில் குறைச்சலே இல்லை. மேலே டாப் ஸ்டேஷன், குரங்கணிக்குப் போகிற இறக்கத்தில் சென்ட்ரல். சென்ட்ரல் என்றால் மரமும் அட்டையும்தான். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலை குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து பெட்டி பெட்டியாகக் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்து சேர்ந்தது. 1924 வெள்ளத்தில் அந்த ரயில் போனது போனதுதான். தொங்கி வருகிற தேயிலைப் பெட்டிகளை அடிவாரத்தில் நின்று எண்ணின ஒரு ஆளாவது இருந்திருப்பான். அவனிடம் போய், "இது எங்க போகுது?" என்று கேட்டவனும் இருந்திருப்பான்.

சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் எங்கள் போடி வண்டி அரக்கோணம் வழியாகத்தான் போகிறது. ஆனால் ராத்திரியில். மாப்பிள்ளை வீட்டில் அந்த நேரத்துக்கு என்னை வெளியே விடமாட்டார்கள்.

ரயில் பார்க்க போடிக்கே வருகிறேன் என்பவர்களுக்கு ஒரு தகவல். மதுரை வண்டி காலை பத்தரை வாக்கில் வரும், மாலை ஆறுக்குச் சற்று முன்னால் திரும்பும். பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், 2 மணி நேரம்தான் செல்லும். அதற்குத் தகுந்தாற்போல் சில்லறை எடுத்துக்கொண்டு வாருங்கள்.